புகையைக் கொடுத்து எரிவாயு வாங்கலாமா?

பனிக்கட்டி எரியுமா?

எரியும்! தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் குபீரென்று பற்றிக்கொள்ளும் பனிக்கட்டி ஒன்று உலகத்தில் இருக்கிறது. எரிந்து முடிந்த பிறகு சாம்பல் இருக்காது. கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும்.

இந்த அதிசயப் பனிக்கட்டி ஆழ்கடலின் அடியிலும், வட துருவத்தை ஒட்டிய உறைந்த நிலத்தின் கீழும் ஏராளமாகக் கிடக்கிறது. அதற்குள் எரிவாயு சிறைப்பட்டிருக்கிறது.

அதை வெளியே எடுக்க விஞ்ஞானிகள் ஒரு புதுமையான யோசனை சொல்லுகிறார்கள். அனல் மின்சார நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வரும் புகையைப் பிடித்து, அந்தப் பனிக்கட்டிக்குள் செலுத்த வேண்டும். புகை உள்ளே போகும். எரிவாயு வெளியே வரும்!

வேண்டாத புகையும் ஒழிந்தது. வேண்டிய வாயுவும் கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வரவு இருக்கட்டும், செலவு எவ்வளவு? கடைசியில் கையில் நிற்பது என்ன?"

எரிபொருள் விஷயத்திலும் அந்தக் கேள்விதான் முக்கியம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிட்டால் யாருக்கு லாபம்?

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கூண்டுக்குள் வாயு

இந்தப் பனிக்கட்டிக்கு மீதேன் ஹைட்ரேட் என்று பெயர். மீதேன் என்பது இயற்கை எரிவாயு. சாணத்திலிருந்து கிடைக்கும் வாயுவில் பெரும் பகுதி இதுதான். சில நகரங்களில் வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் எரிவாயுவும் இதுதான். சமையலறையில் இருக்கும் சிலிண்டர் வாயு இது அல்ல; அது வேறு ரகம்.

கடும் குளிரும் பெரும் அழுத்தமும் ஒன்று சேரும் இடத்தில், தண்ணீர் ஒரு வேடிக்கை செய்கிறது. தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் கூண்டு போல நிற்கின்றன. அந்தக் கூண்டுக்குள் மீதேன் மாட்டிக்கொள்கிறது. இப்படி லட்சோப லட்சம் கூண்டுகள் சேர்ந்ததுதான் இந்தப் பனிக்கட்டி.

ஒரு கன மீட்டர் மீதேன் பனிக்கட்டியைக் கரைத்தால் சுமார் 164 கன மீட்டர் எரிவாயு வெளிவரும். ஒரு சிறு பெட்டிக்குள் ஒரு பெரிய வீடு நிறைய வாயு அடைபட்டிருக்கிறது!

கூண்டு உடையாமல் இருக்க வேண்டுமானால் குளிரும் அழுத்தமும் குறையக் கூடாது. 4 டிகிரி குளிரில், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு அழுத்தம் தேவை. கடலில் சுமார் 400 மீட்டர் ஆழத்தில்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ஆகவேதான் இது கரையோரத்தில் கிடைப்பதில்லை. ஆழக் கடலில்தான் கிடைக்கிறது.

பழைய தொல்லை, புதிய புதையல்

இதைப் போன்ற பொருளை முதலில் கண்டவர் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. 1810-ஆம் ஆண்டில் குளோரின் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து கட்டியாவதை அவர் கண்டார். அப்போது அது ஆராய்ச்சிசாலையில் ஒரு வேடிக்கைப் பொருள், அவ்வளவுதான்.

பிறகு அது தொல்லையாக வந்தது. அமெரிக்காவில் எரிவாயு செல்லும் குழாய்கள் குளிர்காலத்தில் அடைத்துக்கொண்டன. தண்ணீர் உறைந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது வெறும் ஐஸ் அல்ல, வாயுவைச் சிறைப்பிடித்த ஹைட்ரேட் என்று 1934-இல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்கர் கண்டு சொன்னார்.

பூமிக்கு அடியில் இயற்கையாகவே இது படிந்திருக்கிறது என்பதை 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். அன்று முதல் தொல்லை புதையலாக மாறியது.

புதையலை எடுப்பது எப்படி?

மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, சூடு. வெந்நீரை உள்ளே விட்டுப் பனிக்கட்டியைக் கரைப்பது.

இரண்டாவது வழி, அழுத்தத்தைக் குறைப்பது. கிணற்றில் உள்ள தண்ணீரை இறைத்துவிட்டால், சுற்றியுள்ள இடத்தில் அழுத்தம் தணியும். கூண்டு தானாக உடையும்.

மூன்றாவது வழி, ஆள் மாற்றுவது. மீதேனை வெளியேற்றி, அந்தக் கூண்டுக்குள் வேறொரு வாயுவைக் குடியேற்றுவது. புகையைச் செலுத்தும் யோசனை இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தது.

முதல் இரண்டு வழிகளையும் கனடாவில் சோதித்துப் பார்த்தார்கள். வட கோடியில் மாலிக் என்ற இடத்தில் 2002-ஆம் ஆண்டில் சூடான நீரைச் செலுத்தினார்கள். ஐந்து நாளில் கிடைத்த வாயு சுமார் 470 கன மீட்டர்தான்.

அதே இடத்தில் 2008-ஆம் ஆண்டில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆறு நாளில் சுமார் 13,000 கன மீட்டர் வந்தது!

சூட்டு வழி ஏன் தோற்றது? பனிக்கட்டியை மட்டும் கரைப்பதற்கு வேண்டிய சூடு அதிகம் இல்லை. வெளிவரும் மீதேன் எரிந்து தரும் சூட்டில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் பூமிக்கடியில் பனிக்கட்டி தனியாக இல்லை. மணலோடும், களிமண்ணோடும், நீரோடும் கலந்து கிடக்கிறது. ஊற்றிய சூட்டை அவையெல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஈர விறகில் அடுப்பு மூட்டுகிற கதைதான்.

அழுத்தத்தைக் குறைக்கும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. பனிக்கட்டி கரையும்போது சுற்றுப்புறத்தின் சூட்டை உறிஞ்சுகிறது. இடம் மேலும் மேலும் குளிர்கிறது. ஆகவே கரைவதும் மெதுவாகிறது. அத்துடன், மணலைப் பிடித்து வைத்திருந்த கட்டி கரைந்துபோவதால், மணல் குழாய்க்குள் வந்து அடைக்கிறது.

இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் மருந்தாகத்தான் மூன்றாவது வழி வந்தது.

கூண்டில் குடி மாற்றம்

கரியமில வாயு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனிதன் மூச்சு விடும்போது வருவது; விறகும் நிலக்கரியும் எரியும்போது வருவது; சோடாவில் நுரைப்பது. பூமி சூடேறுவதற்கு முதல் காரணம் இந்த வாயு காற்றில் பெருகிவிட்டதுதான்.

இந்தக் கரியமில வாயுவுக்கும் பனிக் கூண்டுக்கும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. ஆழ்கடலின் குளிரில், மீதேனைவிடக் கரியமில வாயுதான் கூண்டுக்குள் உறுதியாகத் தங்கும். உள்ளே விட்டால், அது மீதேனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் இரண்டு நன்மைகள்.

மீதேன் வெளியேறச் சூடு வேண்டும் அல்லவா? கரியமில வாயு கூண்டுக்குள் குடியேறும்போது சூட்டை வெளிவிடுகிறது. கேட்கிற சூட்டைவிடக் கொடுக்கிற சூடு சற்று அதிகம். ஆகவே வெளியிலிருந்து வெந்நீர் ஊற்றத் தேவையில்லை!

இரண்டாவது, பனிக்கட்டி கரைந்து ஓடாமல் கட்டியாகவே நிற்கிறது. ஆகவே மணல் சரியாது, நிலம் தாழாது.

சூட்டுக் கணக்கு மட்டும் பார்த்தால் இது லாபத் திட்டம். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது?

கரியமில வாயுவுக்கு எங்கே போவது? அனல் மின் நிலையங்கள் அதை இரவும் பகலும் கக்கிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் மின் நிலையப் புகை முழுவதும் கரியமில வாயு அல்ல. நிலக்கரிப் புகையில் அது நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான். பெரும்பகுதி நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும் அதே நைட்ரஜன்தான். இவை போக நீராவி, எரியாமல் மிஞ்சிய பிராணவாயு, கொஞ்சம் கந்தகப் புகை, தூசு ஆகியவையும் உண்டு.

நைட்ரஜன் வெறும் சுமைதானா? அப்படி இல்லை என்று தென் கொரியா விஞ்ஞானிகள் 2006-இல் காட்டினார்கள். பனிக் கூண்டுகளில் பெரியவை உண்டு, சிறியவை உண்டு. கரியமில வாயு பெரிய கூண்டைத்தான் பிடிக்கிறது. சின்னக் கூண்டில் இருக்கும் மீதேனை நைட்ரஜன் வெளியேற்றுகிறது.

கரியமில வாயுவை மட்டும் செலுத்தியபோது, ஆராய்ச்சிசாலையில் நூற்றுக்கு 64 பங்கு மீதேன் வெளிவந்தது. நைட்ரஜனையும் கலந்து செலுத்தியபோது 85 பங்கு வெளிவந்தது!

இந்தக் கலவை ஏறத்தாழ மின் நிலையப் புகையைப் போன்றதுதானே! "பிறகு புகையைப் பிரிப்பானேன்? அப்படியே அனுப்பிவிடலாமே!" என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்திலுள்ள ஹேரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்தன.

அலாஸ்காவில் ஒரு சோதனை

ஆராய்ச்சிசாலை வேறு, பூமி வேறு. பூமியில் இதை முதன்முதலாகச் சோதித்த இடம் அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணம். கிணற்றுக்கு இக்னிக் சிகுமி என்று பெயர். அங்கு வாழும் பழங்குடி மக்களின் பாஷையில் அதற்குப் பொருள் "பனிக்கட்டிக்குள் நெருப்பு".

கானகோபிலிப்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியும், அமெரிக்க சர்க்காரின் எரிசக்தி இலாகாவும், ஜப்பான் சர்க்காரின் எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 2012-ஆம் ஆண்டில் இந்தச் சோதனையை நடத்தின. கலவையைச் செலுத்திய இடத்தின் ஆழம் 700 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மின் நிலையப் புகையையே கொண்டுவரவில்லை. நூற்றுக்குச் சுமார் 23 பங்கு கரியமில வாயுவும், 77 பங்கு நைட்ரஜனும் கலந்து செலுத்தினார்கள். ஏன் இந்தக் கலவை? கரியமில வாயுவை மட்டும் விட்டால், அங்குள்ள தண்ணீரோடு சேர்ந்து புதிய பனிக்கட்டி உண்டாகிக் கிணற்றின் வாயையே அடைத்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

ஏறத்தாழ 6,000 கன மீட்டர் கலவை உள்ளே போனது. பிறகு அழுத்தத்தைக் குறைத்து, சுமார் ஒரு மாதம் வாயுவை எடுத்தார்கள். உள்ளே போனதைவிடப் பல மடங்கு மீதேன் வந்தது. செலுத்திய நைட்ரஜனில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. கரியமில வாயுவில் பாதிக்கு மேல் பூமிக்குள்ளேயே தங்கிவிட்டது.

வெற்றிதான்! கூண்டில் குடி மாற்றம் பூமிக்கடியிலும் நடக்கும் என்று தெரிந்தது.

ஆனால் வந்த வாயுவெல்லாம் குடி மாற்றத்தால் வந்ததா? இல்லை. உள்ளே போனது கொஞ்சம். வெளியே வந்தது அதிகம். ஆகவே பெரும்பகுதி அழுத்தத்தைக் குறைத்ததால்தான் வந்திருக்க வேண்டும். இந்த விஷயம் பின்னால் கணக்கில் முக்கியமாக வரும்.

இப்போது கணக்கு

வரவை முதலில் எழுதலாம்.

ஒரு கன மீட்டர் மீதேனை எரித்தால் சுமார் 10 யூனிட் அளவு சூடு கிடைக்கும். நல்ல மின் நிலையத்தில் அதில் பாதி, அதாவது 5 யூனிட், மின்சாரமாக மாறும். மின்சார பில்லில் வருகிற அதே யூனிட்தான்.

வரவு 5 யூனிட்.

இனி செலவு. ஒரு பங்கு மீதேன் வெளியே வர, ஒரு பங்கு கரியமில வாயு உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். புகையில் நூற்றுக்கு 14 பங்குதான் கரியமில வாயு. ஆகவே ஒரு கன மீட்டர் கரியமில வாயு வேண்டுமானால், 7 கன மீட்டர் புகையைச் செலுத்த வேண்டும்.

புகை தானாகக் கடலடிக்குப் போகாது. யந்திரத்தால் அழுத்தி அனுப்ப வேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போதே கை வலிக்கிறது. இங்கே வேண்டியது காற்று மண்டலத்தைப் போல 100 மடங்கு அழுத்தம்! ஒரு கன மீட்டர் புகையை அப்படி அழுத்த, சுமார் 0.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும்.

7 கன மீட்டருக்கு 1.4 யூனிட்.

5 யூனிட் வரவில் 1.4 யூனிட் போனால், மிச்சம் 3.6 யூனிட். அதாவது நூற்றுக்கு 28 பங்கு புகையை அழுத்துவதற்கே போய்விட்டது.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால்! செலுத்திய கரியமில வாயுவில் பாதிதான் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 14 கன மீட்டர் புகை வேண்டும். செலவு 2.8 யூனிட். மிச்சம் 2.2 யூனிட். பாதிக்கு மேல் செலவு!

இன்னொரு கூத்தும் உண்டு. நிலக்கரிக்குப் பதில் எரிவாயுவில் ஓடும் மின் நிலையத்தின் புகையை எடுத்துக்கொண்டால், அதில் கரியமில வாயு நூற்றுக்கு 4 பங்குதான். அப்போது 25 கன மீட்டர் புகையை அழுத்த வேண்டும். செலவு 5 யூனிட்.

வரவு 5, செலவு 5. மிச்சம் பூஜ்யம்!

அதாவது, கடலிலிருந்து எடுத்த வாயுவைப் பக்கத்திலேயே எரித்து, அந்தப் புகையை அப்படியே திருப்பி உள்ளே அனுப்பலாம் என்ற யோசனை, வாயுவையும் தின்று தன்னையும் தின்றுவிடும்.

குற்றவாளி நைட்ரஜன்

இந்தக் கணக்கில் எது செலவை ஏற்றுகிறது என்று பார்த்தால், நைட்ரஜன்தான். ஏழு மூட்டை ஏற்றிச் சென்று ஒரு மூட்டை சரக்கு விற்பதற்கு ஒப்பு. ஆறு மூட்டைக்கும் வண்டிக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, கரியமில வாயுவை முதலில் பிரித்துவிட்டால்?

அதற்கும் வழி இருக்கிறது. புகையை ஒரு ரசாயனத் திரவத்தின் வழியே விட்டால், திரவம் கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தைச் சூடாக்கி வாயுவைத் தனியே எடுக்கலாம். இதற்கு நிலக்கரி மின் நிலையம் தயாரிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செலவாகும்.

பெரிய செலவாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கன மீட்டர் கரியமில வாயுவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பிரித்து அழுத்தி அனுப்ப அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. புகையை அப்படியே அழுத்த 1.4 யூனிட் ஆனதே!

வேடிக்கை இதுதான். "பிரிக்கும் செலவு மிச்சம்" என்று சொல்லி ஆரம்பித்த யோசனை, எரிசக்திக் கணக்கில் பிரிக்கும் வழியைவிட அதிகம் செலவு வைக்கிறது. பிரிப்பதற்குப் பெரிய யந்திரசாலை கட்ட வேண்டும். அதற்குப் பண முதல் அதிகம். அது வேறு கணக்கு.

தனிக் கரியமில வாயுவோ கிணற்றை அடைக்கக்கூடியது. ஆகவே முழுவதும் பிரிக்காமல், அலாஸ்காவில் செய்தது போலக் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்து அனுப்புவதே நடுவழி.

நைட்ரஜனால் இன்னொரு வேலையும் உண்டாகிறது. அது மீதேனோடு கலந்தே மேலே வருகிறது. நைட்ரஜன் அதிகம் கலந்த வாயு அடுப்பில் சரியாக எரியாது. அதைப் பிரிக்க மறுபடியும் மின்சாரம்! புகையில் பிராணவாயு மிஞ்சியிருந்தால், அது குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்யும். மீதேனோடு கலந்தால் தீ விபத்துக்கும் இடம் கொடுக்கும். ஆகவே அதையும் முன்கூட்டியே நீக்கியாக வேண்டும்.

இரண்டு மாங்காயும் விழுமா?

இனி புகைக் கணக்கு.

பூமிக்குள் ஒரு பங்கு கரியமில வாயு போகிறது. ஒரு பங்கு மீதேன் வருகிறது. அந்த மீதேனை எரித்தால் என்ன ஆகும்? ஒரு பங்கு கரியமில வாயு புதிதாக உண்டாகும்! பழைய புகை உள்ளே, புதிய புகை வெளியே. காற்றுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனாலும் வாயுவும் கிடைத்து, காற்றும் கெடாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்தான்.

அந்தப் பெரிய காரியத்துக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புகையைச் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்தினால், மேலே பார்த்தபடி மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் அதற்கே போய்விடும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால்? அலாஸ்காவில் நடந்தது போலக் கொஞ்சம் கலவையைச் செலுத்திவிட்டு, மீதியை அழுத்தத்தைக் குறைத்து எடுக்கலாம். செலவு மளமளவென்று குறையும். ஆனால் அப்போது உள்ளே போகும் கரியமில வாயு கொஞ்சம். மீதேனை எரித்து வெளியே விடுவது அதிகம். புகையை ஒழித்தோம் என்று மார்தட்ட முடியாது.

விஷயத்தின் சாரம் இதுதான்: எரிசக்தியில் லாபம் வேண்டுமானால் புகையை ஒழிப்பது குறைகிறது. புகையை முழுவதும் ஒழிக்க வேண்டுமானால் எரிசக்தி லாபம் குறைகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காயும் முழுசாக விழுவதில்லை. ஒன்று முழுசாக விழுந்தால், மற்றது பிஞ்சாக விழுகிறது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மீதேன் எரியாமல் காற்றில் கசிந்துவிடக் கூடாது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட அது பூமியைச் சுமார் 80 மடங்கு அதிகமாகச் சூடேற்றும். கொஞ்சம் கசிந்தாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

மற்ற நாடுகள் எந்தப் பக்கம்?

வாயுவை எடுப்பதில் முனைந்து நிற்கும் நாடுகள் அழுத்தத்தைக் குறைக்கும் வழியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஜப்பான் 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நான்காய் என்ற கடற்பகுதியில் ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் எடுத்தது. மணல் வந்து அடைத்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. 2017-இல் மறுபடியும் முயன்று, ஒரு கிணற்றில் 24 நாட்கள் எடுத்தது.

சீனா தென் சீனக் கடலில் 2017-இல் 60 நாட்களில் 3 லட்சம் கன மீட்டருக்கு மேல் எடுத்தது. 2020-இல் 30 நாட்களிலேயே 8,61,400 கன மீட்டர் எடுத்தது.

அலாஸ்காவில் ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து 2023 அக்டோபரில் தொடங்கிய நீண்ட சோதனை 2024 வரை நடந்தது. கலவை செலுத்திப் பார்த்த அதே மாகாணத்தில், இம்முறை அழுத்தத்தைக் குறைக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இவையெல்லாம் சோதனைகள். தண்ணீரை இறைக்கும் செலவு, புகையை அழுத்தும் செலவைப் போலப் பெரிதல்ல என்பது அவர்கள் கணக்கு.

இந்தியாவுக்கு என்ன?

இந்தியாவின் கடலடியிலும் இந்தப் பனிக்கட்டி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆராய்ச்சிக் கப்பல் வந்து துளைபோட்டது. ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா - கோதாவரிப் படுகையில் சுமார் 130 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட் படிவு தென்பட்டது. ஆனால் அது களிமண் வெடிப்புகளில் கிடந்தது. களிமண்ணுக்குள் வாயு எளிதில் நகராது.

2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பல் அதே வங்காள விரிகுடாவில் துளைபோட்டபோது, மணல் படிவுகளில் ஹைட்ரேட் இருப்பது தெரிந்தது. மணலில் வாயு ஓடும். ஆகவே நம்பிக்கை வளர்ந்தது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் ஆழ்கடலில் இறங்கிப் பார்க்கும் யந்திரத்தைச் செய்து, இந்தத் தேடலில் பங்கு கொண்டது.

இந்தியா தனக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஆகவே கடலடிப் புதையல் மீது கண் வைப்பது நியாயம்தான். கிழக்குக் கடற்கரை நெடுகிலும் நிலக்கரி மின் நிலையங்கள் இருப்பதும் உண்மை. புகையும் பக்கத்தில், பனிக்கட்டியும் பக்கத்தில் என்று பூகோளப் படம் ஆசை காட்டும்.

படம் காட்டாத விஷயம், இடையில் உள்ள தூரமும் ஆழமும். அந்தப் படிவுகள் கரையிலிருந்து தள்ளி, ஆயிரம் மீட்டருக்கும் ஆழமான கடலுக்கு அடியில் கிடக்கின்றன. அங்கே அழுத்தம் 100 மடங்கு என்ற மேலே போட்ட கணக்கையும் தாண்டும். புகையைக் குழாயில் அவ்வளவு தூரம் தள்ளும் செலவும் கூடச் சேரும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அப்படியானால் இந்த யோசனையைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். கூண்டில் குடி மாற்றம் என்பது இயற்கை கொடுத்திருக்கும் நல்ல சலுகை. சூட்டைத் தானே கொடுத்து, நிலத்தையும் சரியாமல் காக்கிற வழி வேறு இல்லை. இரும்பு, சிமெண்ட், உர ஆலைகள் சிலவற்றில் கரியமில வாயு அதிகம் செறிந்த புகை கிடைக்கிறது. மெலிந்த மின் நிலையப் புகையைவிட அப்படிப்பட்ட செறிந்த புகைக்குக் கணக்கு நன்றாக வரும். அழுத்தத்தைக் குறைத்து வாயுவை எடுத்த பிறகு, காலியான இடத்தில் கரியமில வாயுவைக் குடியேற்றி நிலத்தைத் தாங்கச் செய்யலாம் என்ற யோசனையும் உண்டு.

ஆனால் இனிமேல் "புகையிலிருந்து எரிவாயு" என்று எந்தத் திட்டம் வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

புகையில் கரியமில வாயு நூற்றுக்கு எத்தனை பங்கு?

உள்ளே போனதில் எவ்வளவு தங்கியது?

எடுத்த வாயுவில் எத்தனை பங்கு, அதை எடுப்பதற்கே செலவாயிற்று?

இந்த மூன்றுக்கும் எண்களோடு பதில் சொல்லும் திட்டத்துக்குப் பணம் போடலாம். "வேண்டாத புகை போகிறது, வேண்டிய வாயு வருகிறது" என்று வார்த்தையில் மட்டும் சொன்னால் போதாது.

கடலுக்கு அடியில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது ஒரு நாட்டின் செல்வம் அல்ல. எடுத்த கூலி போகக் கையில் நிற்பதுதான் செல்வம்.